சுழற்காற்றும் வீட்டின் உறுதியும்

பெங்களூர் நகரின் தெற்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டிய கோணப்பன அக்ரகாரம், தொட்டத்தோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில், 1978ஆம் ஆண்டு 332 ஏக்கர் பரப்பில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் ஒரு தொழிற்பேட்டையை வகுத்தது. அதுவே இன்று எலெக்ட்ரானிக் சிட்டி எனப் பெயர் பெற்று விளங்குவது. அங்கே கண்ணாடிச் சுவர்களையுடைய பன்மாடிக் கட்டிடங்கள் வானளாவி நிற்கின்றன. அவற்றை எழுப்பும் தொழிலாளர் குடும்பங்களோ பக்கத்திலேயே தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றன. பலத்த காற்று இவ்விரு வகைக் கட்டிடங்களையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. டொர்னாடோ என்னும் கொடிய சுழற்காற்றை எதிர்த்து நிற்கும் வீட்டைக் கட்ட இயலுமா என்ற வினாவை ஆராய இவ்விடம் நல்லதொரு தொடக்கமாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடலில் பிறந்து பல நூறு கிலோமீட்டர் பரந்து வரும் புயலையும், இடிமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கை போல் தொங்கித் தரையைத் தொடும் சுழலையும் தமிழில் ‘சூறாவளி’ என்ற ஒரே சொல்லால் குறித்து வருகிறோம். இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியம் அருகே கரை கடந்த ‘கஜா’ முன்னதைச் சேர்ந்தது. அதன் வரவைப் பல நாட்களுக்கு முன்பே அறிவிக்க முடிந்தது. பின்னது தோன்றிச் சில நிமிடங்களில் மறைவது. அது செல்லும் தடத்தின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. இக்கட்டுரையில் பின்னதை மட்டுமே சுழற்காற்று என்கிறோம்.

இந்தியாவில் இது அமெரிக்காவிற் போல் அடிக்கடி நிகழ்வதன்று. ஆயினும் அறவே இல்லை எனக் கருதுவது தவறு. 1978 மார்ச் 17ஆம் நாள் டில்லி மாநகரின் வடபகுதியில், பல்கலைக்கழகச் சுற்றுப்புறத்தின் ஊடே, ஏறத்தாழ 50 மீட்டர் அகலமே கொண்ட ஒரு சுழற்காற்று சில நிமிட நேரம் புகுந்து சென்றது. 28 பேர் மாண்டனர். 1998 மார்ச் 24ஆம் நாள் ஒரிசா, மேற்கு வங்க எல்லையில் தாந்தன் வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 மார்ச் 31ஆம் நாள் ஜல்பாய்குரி மாவட்டத்து மைனாகுரியில் வீசிய காற்று எண்ணற்ற தகர வீடுகளைச் சிதறடித்தது. உலகிலேயே மிகுந்த உயிர்ச்சேதம் விளைத்ததாகக் கருதப்படும் சுழற்காற்றும் நமது அண்டையிலேயே நிகழ்ந்தது: 1989 ஏப்ரல் 26ஆம் நாள் வங்காள தேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா ஊர்களில் ஏறக்குறைய 1,300 பேர் மடிந்தனர். வங்கக் கடலின் ஈரக்காற்றுக்கு மேலாக மேற்கிலிருந்து வறண்ட வெப்பக்காற்று படியும் வேனிற்காலத்தில், ‘கால்பைசாகி’ என அவ்வூரார் கூறும் இடிப்புயல்கள் பிறக்கின்றன. அவற்றுட் சிலவே இவ்வாறு சுழலாக மாறுகின்றன.

பெங்களூர் அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததன்று. நாட்டின் காற்றுவேகப் படத்தை வகுத்தளிக்கும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதிநூலின் மூன்றாம் பகுதி, பெங்களூரை மிகக் குறைந்த வேக மண்டலத்தில், அதாவது விநாடிக்கு 33 மீட்டர் (மணிக்கு சுமார் 119 கிலோமீட்டர்) என்ற வரிசையில் வைத்துள்ளது. சென்னைக்கு இவ்வெண் 50. ஐம்பது ஆண்டுகளில் ஒரு முறை எதிர்பார்க்கத்தக்க, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் மூன்று விநாடி வீசும் காற்றின் வேகத்தையே இவ்வெண்கள் குறிப்பன. சுழற்காற்று ஒரு குறிப்பிட்ட மனையின் மீது வந்து விழும் வாய்ப்பு மிகமிக அரிது. ஆகவே இத்தகைய கணக்கில் அது இடம் பெறுவதில்லை. எனினும் சித்திரை, வைகாசி மாதங்களில் பெங்களூரின் இடிமழைக்கு முன் மேகத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கித் தரையில் பரவும் வன்காற்று, மரங்களையும் விளம்பரப் பலகைகளையும் சாய்ப்பதை அந்நகரத்தார் நன்கறிவர். கூரையைப் பொறுத்தமட்டில் இவ்விரு காற்றுகளும் செய்யும் வேலை ஒன்றே.

அவ்வேலை யாது? காற்று வீட்டைத் தள்ளுகிறது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் முதலில் நேர்வது தூக்குதல். கூரையின் மேல் விரைந்தோடும் காற்று அதனை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கதவோ சன்னலோ உடைந்து உட்புகுந்த காற்று கீழிருந்து அதனை உந்துகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வது. விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 67 கிலோகிராம் எடைக்குச் சமம். 50 மீட்டரில் 153. கொடிய சுழற்காற்றுக்குரிய 90 மீட்டரிலோ 495. உறிஞ்சலும் உள்ளிருந்து எழும் உந்தலும் சேர்ந்தால் இதனினும் ஒன்றரை மடங்கு ஆகலாம். இனிக் கூரைகளின் எடையை ஒப்பிட்டுப் பார்ப்போம். மெல்லிய துத்தநாகத் தகரம் சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோகிராம் மட்டுமே. மங்களூர் ஓடு சட்டங்களோடு சேர்ந்து சுமார் 60 இருக்கலாம். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் 250. பெங்களூருக்கு விதிக்கப்பட்ட வேகத்திலேயே தகரம் தன் எடையால் நிற்க முடியாது, ஓடும் நிற்காது. கான்கிரீட் நிற்கும். 90 மீட்டர் வேகத்திலோ கான்கிரீட் தளமும் வெறும் எடையால் நிற்பதற்கில்லை. இரும்புக் கம்பிகளால் தூணோடும், தூண் அடித்தளத்தோடும் பிணைந்திருந்தாலன்றி அதுவும் பெயரும்.

எனவே வீட்டின் உறுதி சுவரின் கனத்தில் இல்லை. கூரை முதல் மண் வரை அறுபடாமல் செல்லும் பிணைப்பில் இருக்கிறது. கொட்டகைகளில் தகரத்தின் மேல் கல்லையும் சிமெண்டு பிளாக்கையும் பழைய டயரையும் ஏற்றி வைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. இது பயனற்றதோடு அபாயகரமானதும் ஆகும்: தகரம் எழும்போது கல்லும் எழுந்து உறங்குவோர் மேல் விழுகிறது. அதற்கு ஆகும் உழைப்பைக் கொக்கி போல்ட்டுகளுக்குச் செலவிட்டு, கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் அவற்றை நெருக்கமாக அமைத்து, குறுக்குச் சட்டங்களைக் கால்களோடு இறுகக் கட்டி, கால்களைக் கான்கிரீட்டுக் குழியில் ஊன்றினால் கொட்டகையின் நிலையே வேறாகும். உறிஞ்சல் மிகுவது ஓரங்களிலும் மூலைகளிலுமே என்பதைக் காற்றுச் சுரங்கச் சோதனைகள் தெளிவாகக் காட்டியுள்ளன. சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய சுரங்கம் ஒன்று உண்டு.

இந்த அளவு முயற்சி பெருமளவு பலனளிப்பதற்குக் காரணம், சுழற்காற்றுகளுட் பெரும்பாலானவை கொடுமையின் உச்சியை எட்டாதவை என்பதே. கொடியவற்றிலும் உச்ச வேகம் தடத்தின் நடுவே ஒடுங்கிய பட்டையில் மட்டும் காணப்படும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மூர் நகரில் 2013 மே 20ஆம் நாள் 24 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டே அந்நகரம் தன் கட்டிட விதியைத் திருத்தி, புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டுமென விதித்தது. அதன் பெரும்பகுதி உலோகப் பிணைப்புகளும், நெருக்கமான சட்டங்களும், வலுவான வண்டிக்கொட்டில் கதவுகளுமே.

கண்ணாடிக் கட்டிடத்தின் கதை வேறு. 2011 மே 22ஆம் நாள் மிசௌரி மாநிலத்து ஜோப்ளின் நகரைத் தாக்கிய சுழற்காற்றில் அங்கிருந்த பன்மாடி மருத்துவமனையின் எலும்புக்கூடு நின்றது; ஆனால் கண்ணாடிகள் நொறுங்கி உள்ளே பாய்ந்தன, மின்சாரம் அற்றது, நோயாளிகளும் மாண்டனர். பின்னர் அக்கட்டிடம் இடிக்கப்பட்டது. கட்டிடம் நிற்பதும் உள்ளிருப்போர் பிழைப்பதும் ஒன்றல்ல. எலெக்ட்ரானிக் சிட்டியின் அலுவலகங்களில் வன்காற்றின் போது கண்ணாடிச் சுவரருகே நின்று வேடிக்கை பார்ப்போர் மாடிப்படிக் கூடத்துக்கு ஒதுங்குதல் நலம். அழுத்தம் சமப்படச் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை ஆராய்ச்சியாளர் கைவிட்டுவிட்டனர். திறந்த சன்னல் கூரையைத் தூக்கும் காற்றுக்கு வழிவிடுவதே யாகும்.

உச்ச வேகத்துக்கு முழு வீட்டையும் கட்டுதல் இயலும். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. 1970 மே 11ஆம் நாள் டெக்ஸாஸ் மாநிலத்து லபக் நகரம் பாழானபின், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் பொறியாளர் இடிபாடுகளை ஆராய்ந்தபோது, பல வீடுகளில் நடுவிலிருந்த சிறு அறை மட்டும் நிற்கக் கண்டனர். அதனின்று பிறந்ததே காப்பறை என்னும் கருத்து. வீடு போனாலும் போகட்டும், ஓர் அறை நிற்கட்டும் என்பது அதன் சாரம். 6.8 கிலோகிராம் எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பீரங்கியால் எய்து, சுவரும் கதவும் துளைபடாமல் நிற்கின்றனவா எனச் சோதிக்கின்றனர். 15 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பிக் கான்கிரீட்டுச் சுவர் இதனைத் தாங்குகிறது. தோற்பது பெரும்பாலும் கதவே. ஒருவருக்குச் சதுர மீட்டரில் மூன்றிலொரு பங்கு இடம் போதும். ஐவர் குடும்பத்துக்கு ஒரு குளியலறை அளவு. ஜல்பாய்குரி, தாந்தன் போன்ற வட்டாரங்களில் அரசு கட்டித்தரும் வீடுகளிலும் பள்ளிகளிலும் இவ்வாறு ஓர் அறையைச் சேர்ப்பது, எமது கருத்தில், முழு வீட்டின் சுவர்களைத் தடிப்பதைவிடச் சிக்கனமானது.

எலெக்ட்ரானிக் சிட்டியின் கொட்டகைவாசிகளுக்கு அவ்வறையும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே அவர்கள் எழுப்பிய கான்கிரீட்டுக் கட்டிடத்தின் கீழ்த்தளமும் மாடிப்படியடியும் பெரும்பாலும் முடிந்திருக்கும். மேகம் கறுத்துக் காற்று எழும்போது மேஸ்திரி அனைவரையும் அங்கே அழைத்துச் செல்லலாம். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும், இரவிலும் விளக்கு எரிய வேண்டும். சாரத்தின் கீழும், மேல் விளிம்பு கட்டப்படாமல் தனித்து நிற்கும் பிளாக் சுவரின் நிழலிலும் மட்டும் ஒதுங்கலாகாது. அத்தகைய சுவர் 33 மீட்டர் வேகத்தை எட்டுமுன்னரே சரிந்துவிடக் கூடியது.