பதக்கம் தைத்த தாயும் பாட்டுக் கட்டிய மகளும்

ஆங்கிலப் பாட்டு எமக்குரியதல்ல என்று எண்ணி வானொலியைத் திருப்பிவிடுவோர் எம்மில் பலர். ஆனால் அந்த வானொலியில் ஒலித்துப் புகழ்பெற்ற பாட்டொன்றை எழுதிப் பாடியவர், இந்த இலண்டனில் அகதிப் பிள்ளையாக வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். உங்கள் பிள்ளைகள் அவரை எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறிந்திருக்கக்கூடும். பெற்றோர் வைத்த பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா.

மாயா பிறந்தது 1975 யூலை 18இல், மேற்கு இலண்டன் ஹவுன்ஸ்லோவில். தந்தையார் ஒரு பொறியியலாளர். 'அருளர்' என்று அறியப்பட்ட அவர், ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் யாழ்ப்பாணம் சென்றது. தந்தையார் தலைமறைவானார். எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பாதுகாப்புக் கருதி அவரை மாமா என்றே பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். இடையில் சில காலம் சென்னையில் வறுமை வாழ்க்கை. பின்பு மீண்டும் யாழ்ப்பாணம். போர் முற்றவே, 1986இல் தாயார் கலா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அகதியாக இலண்டன் வந்து சேர்ந்தார். தந்தையார் கூட வரவில்லை.

தென் இலண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கவுன்சில் வீடு கிடைத்தது. ஆங்கிலம் தெரியாத தாயாருக்குத் துணை நின்றது கைத்தையல். அக்காலத்தில் மகாராணியார் வழங்கிவந்த கௌரவப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். கூலி மிகக் குறைவு. அந்தக் கூலியில்தான் மூன்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகளோ அயல்வீட்டிலிருந்து கேட்ட கறுப்பின இளைஞர்களின் ஹிப்ஹொப் இசையில் மனதைப் பறிகொடுத்தார்.

மாயா முறைப்படி சங்கீதம் பயின்றவரல்லர். சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் படித்தார். எலாஸ்ரிக்கா என்ற இசைக்குழுவுக்கு இசைத்தட்டு அட்டை வரைந்து கொடுத்து, அவர்களது பயணத்தையும் படம்பிடித்தார். அங்கே பீச்சஸ் என்னும் கனேடியப் பாடகி, எம்.சி.505 என்ற தாளப்பெட்டியை இயக்கக் காட்டிக் கொடுத்தார். அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மாயா தானே பாட்டுக் கட்டத் தொடங்கினார். 2003இல் 'கலாங்' என்ற முதற் பாட்டு வெளிவந்தபோது அச்சிட்டது வெறும் 500 இசைத்தட்டுகள்.

எம்.ஐ.ஏ. என்பது, போரில் காணாமற் போனோரைக் குறிக்கும் இராணுவச் சொல்லின் முதலெழுத்துகள். உறவினர் ஒருவர் அவ்வாறு காணாமற் போனதை நினைத்தே அப்பெயரைத் தேர்ந்ததாக அவர் கூறியுள்ளார். இசைத்தொகுப்புகளுக்கும் வீட்டுப் பெயர்களையே இட்டார். 2005இல் 'அருளர்', 2007இல் 'கலா', 2010இல் 'மாயா', 2013இல் 'மாதங்கி'. தகப்பன், தாய், பிள்ளை என ஒரு குடும்பமே வெள்ளைக்காரர் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டது!

'கலா' தயாரித்த காலத்தில் அமெரிக்க விசா கிடைப்பதில் அவருக்குப் பெருஞ் சிக்கல். இருந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளுக்குச் சென்று ஒலிப்பதிவு செய்தார். சென்னையில் உறுமி மேளக்காரரை அழைத்து வாசிக்க வைத்தார். அத்தொகுப்பில் உள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டும் விசாப் பிரச்சினையிலிருந்து பிறந்ததுதான். வந்தேறிகள் எல்லோரும் காசு பறிக்க வந்தவர்கள் என்ற எண்ணத்தை, துப்பாக்கி வேட்டும் கடை ரில் திறக்கும் ஓசையும் சேர்த்து அது கேலி செய்கிறது. 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. தொழிற்சாலையில் என்னோடு பெட்டி கட்டும் போலந்துக்காரருக்கும் இந்தப் பாட்டுத் தெரியும். பாடியவர் எங்கள் ஊர்ப் பிள்ளை என்றபோதுதான் அவர் நம்பவில்லை.

2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி விழா மேடையில் பாடினார். மூன்று நாட்களில் மகன் பிறந்தான். ஏ.ஆர். ரகுமானுடன் இணைந்து ஆக்கிய 'ஓ சாயா' அவ்வாண்டு ஒஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே நாட்களில் வன்னியில் சனங்கள் குண்டுமழையில் அகப்பட்டிருந்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த நேரத்தை அவர் அதைச் சொல்லவே பயன்படுத்தினார். புலிகளுக்கு ஆதரவானவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தான் பேசுவது பொதுமக்களுக்காகவே என்று மறுத்தார். 2015இல் 'போர்டர்ஸ்' பாட்டுக்கு வேலியேறும், படகேறும் அகதிகளையே படமாக்கினார்.

எம்மவர் எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. உடையும் பேச்சும் பிடிக்காதவர் உண்டு. 2012இல் அமெரிக்க உதைபந்தாட்ட விழா மேடையில் நடுவிரலைக் காட்டி வழக்கிலும் மாட்டினார். பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் நாம் அக்கம்பக்கத்துக்கு மறைக்கும் அகதி வாழ்க்கையை அவர் மறைக்கவில்லை. அதுவே அவருடைய கைமுதல். கல்லூரி நண்பர் ஸ்ரீவ் லவ்ரிஜ் இயக்கி 2018இல் வெளிவந்த அவரது வாழ்க்கைப் படத்தில், அவரே எடுத்த பழைய வீட்டுக் காட்சிகளைக் காணலாம்.

2019இல் இசைப்பணிக்காக அவருக்கு எம்.பி.ஈ. விருது அறிவிக்கப்பட்டது. 2020 தையில் பக்கிங்ஹாம் மாளிகையில் இளவரசர் வில்லியம் அதை அணிவித்தார். தாயார் குறைந்த கூலிக்குத் தைத்த பதக்கம் இதுதான் என்பதை மாயா அப்போது வெளிப்படையாகச் சொன்னார். தாயாருக்காகவே அதை ஏற்றதாகவும் சொன்னார்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோரே, இரவு வேலை, துப்புரவு வேலை, பொதி கட்டும் வேலை என்று நாம் செய்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூச்சப்படுகிறோம். ஊருக்குப் பேசும்போது 'ஒபிஸ்' என்கிறோம். கூச்சம் வேண்டாம். என்ன செய்கிறோம், ஏன் இங்கு வந்தோம் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். படம் வரைகிற பிள்ளை வரையட்டும், பாடுகிற பிள்ளை பாடட்டும். எந்தப் பிள்ளையின் கையில் எங்கள் கதை என்னவாக மாறும் என்று இன்று யாருக்குத் தெரியும்?