பிணைந்து முளைக்கும் பாற்பற்கள்

குழந்தையின் கீழ்த்தாடை முன்வரிசையில் ஒரு பல் மட்டும் இயல்பைவிட அகன்று, நடுவே நெடுக்காக ஒரு பள்ளக்கோடு ஓட முளைக்குமானால், அது பெரும்பாலும் இரண்டு பற்கள் சேர்ந்த பிணைபல்லாகவே இருக்கும். கருவின் ஆறாவது வார அளவில் தாடையில் உருவாகத் தொடங்கும் பல்மொட்டுகளுள் அடுத்தடுத்த இரண்டு, முற்றிலும் கெட்டிப்படுமுன் ஒன்றாவதால் இது தோன்றுகிறது. பக்க வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் இவ்வாறு சேர்வது மிகுதி. கர்ப்பிணிகள் இரட்டை வாழைப்பழம் உண்ணலாகாது என்னும் ஊர்வழக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒரே மொட்டு இரண்டாகப் பிரிய முயன்று பாதியில் நின்றாலும் பல் இதே தோற்றம் பெறும். தாடைக்குப் பத்துப் பாற்பற்கள் என்பதால், அகன்ற பல்லை ஒன்றாகக் கொண்டு எண்ணி ஒன்பது வந்தால் பிணைவு, பத்து வந்தால் பிளவு என்று கொள்வது மருத்துவர் வழக்கம். எனினும் இயல்புக்கு மீறிய மிகைப்பல்லோடு பிணைந்திருப்பின் இக்கணக்குப் பிசகும் என்பதால், வேரையும் உள்ளிருக்கும் பல்கூழ் அறையையும் காட்டும் எக்ஸ்ரே தேவைப்படுகிறது.

பிணைவு தன்னளவில் நோயன்று. தொல்லை அந்தப் பள்ளக்கோட்டில்தான் தொடங்குகிறது. குமரி மாவட்டத்தில் கைக்குழந்தைகளுக்கு மசித்து ஊட்டப்படுவதும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதுமான மட்டி வாழைப்பழமும், இரவுப் பாலும் அதில் படிந்துவிட்டால், பல் துலக்கியின் இழைகள் எட்டாத இடத்தில் சொத்தை உருவாகிறது. ஆகவே மூன்று வயதுவரை அரிசிமணியளவு ஃபுளோரைடு பற்பசையால் பெற்றோரே தினமும் இருமுறை துலக்கிவிடுவதோடு, கோடு ஆழமானால் அதைப் பிசின் பூச்சால் அடைத்துக்கொள்வதும் நன்று.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஈறுக்கடியில் இருக்கிறது. பிணைபல்லின் கீழ் நிரந்தரப் பற்களுள் ஒன்று உருவாகாமலே போவது அரிதன்று. மேலும் அகன்ற வேர் மெதுவாகக் கரைவதால் பல் உரிய காலத்தில் விழாமல் தங்கலாம். ஏறத்தாழ ஆறு வயதில் தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டால், பல்லை எப்போது எடுப்பது, எடுத்தபின் இடைவெளியை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம். குமரி மாவட்டத்தவர் குலசேகரம் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரியிலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பல் மருத்துவரிடம் காட்டலாம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளில் இதைச் சுட்டிக்காட்டினாலும், மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைப்பார்கள்.