மங்கும் ஒட்டுமரமும்: வினாத்தாளில் தமிழ் எழுத்து உடையாமல் இருப்பது எப்படி?



வினாத்தாளில் 'கொடி' என்று தட்டச்சு செய்கிறோம். சில மென்பொருள்களில் அச்சாகி வரும்போது ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். தேர்வு மண்டபத்தில் இருக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லைங்க. ஊகித்துப் படிப்பதிலேயே நேரம் போய்விடும். லாடெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவிய வழிகளில் ஒன்று 'நிலை இணைப்பு' என்ற கணினி உத்தி. அது என்னவென்று பார்ப்போம்.

உள்ளே ஒரு குட்டி மொழி

லாடெக்கை இயக்கும் நிரல்களில் ஒன்று லுவாடெக். அதற்குள் லுவா என்ற சிறிய நிரல்மொழியின் இன்டர்பிரிட்டர் பதிக்கப்பட்டிருக்கிறது. லுவா 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் பிறந்தது. பிற மென்பொருளுக்குள் எளிதாகப் பதிக்க ஏற்ற மொழி அது. வினா வங்கியிலிருந்து பத்து வினாக்களைக் கலைத்து எடுப்பது, புள்ளிகளைக் கூட்டுவது எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடும்.

ஆனால் எழுத்தை வடிவமைக்கும் வேலைக்கு ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் ஏற்கெனவே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கோப்பில் 'க' முதலிலும் 'ொ' பிறகும் பதிவாகும். ஹார்ஃப்பஸ் அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கும். 'கு', 'மு' போன்றவற்றுக்கு எழுத்துருவில் உள்ள சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும். இந்த நூலகத்தை லுவாவிலிருந்து அழைக்க உதவும் இயந்திர மொழி நீட்சியின் பெயர் லுவாஹார்ஃப்பஸ்.

மங்கா, ஒட்டா?

நீட்சியைச் சேர்க்க இரண்டு வழி உண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்க. பால்மரத்தில் மங்கு தனிப்பொருள், மாட்டலாம், கழற்றலாம். ஒட்டுக்கன்று அப்படியில்லை. நாற்றின் தண்டில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுவார்கள். கூடிவிட்டால் ஒரே மரம்தான்.

இயங்கு இணைப்பு மங்கு மாதிரி. நீட்சி தனிக் கோப்பாக இருக்கும். விண்டோஸில் அதை டிஎல்எல் என்போம். 'ரிக்வயர்' என்ற கட்டளை வரும்போது லுவா அந்தக் கோப்பைத் தேடி ஏற்றும். கோப்பு இல்லாவிட்டாலோ, வேறொரு லுவா பதிப்புக்காக உருவானதாக இருந்தாலோ வேலை நின்றுவிடும்.

நிலை இணைப்பு ஒட்டு மாதிரி. இதில் இரண்டு படிகள் உண்டு.

1. சேர்த்தல்: மென்பொருளை உருவாக்கும்போதே, இணைப்பி என்ற கருவி நீட்சியின் இயந்திரக் குறியை அதே செயல்கோப்புக்குள் சேர்த்துவிடும்.

2. பதிவு செய்தல்: ஒவ்வொரு நீட்சிக்கும் 'லுவாஓபன்' என்று தொடங்கும் பெயரில் ஒரு திறப்புச் சார்பு உண்டு. அதை லுவாவின் பட்டியலில் பதிய வேண்டும். பதிந்தால் கோப்பைத் தேடும் வேலையே இல்லை. பதியாவிட்டால் குறி உள்ளே இருந்தும் லுவாவுக்கு அது தெரியாது. மாணவர்களே, இந்த இரண்டாம் படியை மறந்துவிடாதீங்க.

2019-இல் காலித் ஹோஸ்னி என்பவர் ஹார்ஃப்பஸைச் சேர்த்து ஹார்ஃப்டெக் என்ற வடிவத்தை உருவாக்கினார். அந்த முயற்சி லுவாஹெச்பிடெக் என்ற பெயரில் லுவாடெக்கோடு சேர்ந்தது. டெக் லைவ் 2020 முதல் 'லுவாலாடெக்' கட்டளை இதைத்தான் இயக்குகிறது.

லாபமும் நட்டமும்

பள்ளிக் கணினிக் கூடத்தில் ஹார்ஃப்பஸைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பதிப்புகள் பொருந்துமா என்ற கவலையும் இல்லை. ஒரே டெக் லைவ் பதிப்பும் ஒரே எழுத்துருவும் இருந்தால், ஈப்போ நகரப் பள்ளியிலும் தோட்டப்புறப் பள்ளியிலும் தாள் ஒரே மாதிரி வரும்.

நட்டமும் உண்டு. செயல்கோப்பு பெரிதாகும். ஹார்ஃப்பஸில் ஒரு பிழையைத் திருத்தினால், ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதாது. மென்பொருள் முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டும். வேறு ரகம் வேண்டுமென்றால் மறுநடவு செய்வதுபோலத்தான்.

செய்து பாருங்க

• டெக் லைவ் 2020 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை நிறுவுங்க.
• ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடும்போது, 'ரெண்டரர்' என்ற இடத்தில் ஹார்ஃப்பஸ் என்றும் 'ஸ்கிரிப்ட்' என்ற இடத்தில் தமிழ் என்றும் கொடுங்க. ரெண்டரரைக் குறிப்பிடாவிட்டால் ஹார்ஃப்பஸ் உள்ளே இருந்தும் வேலை செய்யாது.
• பதிவுக் கோப்பின் முதல் வரியில் லுவாஹெச்பிடெக் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்க.
• கொக்கு, கேணி, பௌர்ணமி, ஸ்ரீ ஆகிய நான்கையும் அச்சிட்டுச் சரிபாருங்க. அதன் பிறகு முழுத் தாளையும் அச்சுக்கு அனுப்பலாம்.

மாணவர்களுக்கான பயிற்சி

1. நிலை இணைப்புக்கும் இயங்கு இணைப்புக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகளை எழுதுக.
2. நீட்சியைச் சேர்த்த பிறகும் பதிவு செய்ய வேண்டும். ஏன்?
3. இணையம் இல்லாத கணினிக்கு எந்த இணைப்பு ஏற்றது? காரணம் தருக.