பயின்றோரும் பயிற்றப்பட்டோரும்

ஆங்கிலத்திலே 'பிராக்டிஸ்ட்' என்னும் பெயரடை ஒன்றுண்டு. ஒரு செயலைப் பலகாலும் செய்து வந்தமையால் உண்டான திறமையை உடைய என்பது அதன் பொருள். இதனைத் தமிழாக்கும் மாணவர் பெரும்பாலும் 'பயிற்சி பெற்ற' என எழுதி அமைகின்றனர். சிலர் 'பயிற்றப்பட்ட' என்றும் எழுதுவர். முன்னையது ஐயத்துக்கு இடந்தருவது. பின்னையது முழுப் பிழை.

பிழைக்குக் காரணம் ஆங்கிலச் சொல்லின் உருவமே. அது செயப்பாட்டுவினைக்குரிய வடிவில் நிற்றலின், கண்டவர் உடனே 'படு' என்னும் துணைவினையை ஒட்டிவிடுகின்றனர். பொருளோ அவ்வாறன்று. பயின்றவன் தானே பயின்றான். பிறரொருவர் அவனைப் பயிற்றினார் என்பது அச்சொல்லில் இல்லை. பிறராற் பயிற்றப்பட்டவனைச் சுட்டுதற்கு 'டிரெயிண்ட்' என்னும் வேறு சொல் ஆங்கிலத்தில் உண்டு. தமிழிலோ இவ்வேறுபாடு வினைப்பகுதியிலேயே அமைந்து கிடக்கின்றது. பயில், பழகு என்பன தன்வினை. பயிற்று, பழக்கு என்பன பிறவினை. அன்றியும், பயிலுதல் என்னும் சொல் பழைய வழக்கில் ஒன்று அடுத்தடுத்து நிகழ்தலையும் குறிக்கும். ஆகவே 'மீண்டும் மீண்டும்' என்னும் கருத்து அச்சொல்லுக்குப் புதிதன்று. நன்னூற் பாயிரமும் ஒரு நூலை இருமுறை கேட்டவன் பிழை நீங்குவான் என்றும், மும்முறை கேட்டவன் முறையறிந்து எடுத்துரைப்பான் என்றும் எண்ணிட்டே கூறுகின்றது.

இது வெறும் இலக்கண வழக்கென்று தள்ளத்தக்கதன்று. இலங்கையிலே 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' என்பது ஒரு தகுதிப்பெயர். ஆசிரியர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்க்கே உரியது. இருபது ஆண்டு வகுப்பறையில் நின்று தேர்ந்த ஒருவரை ஆங்கில நற்சான்றுப் பத்திரம் 'பிராக்டிஸ்ட்' எனப் புகழ, அதனைப் 'பயிற்றப்பட்ட' என மொழிபெயர்ப்பவர், அவர் பெறாத சான்றிதழொன்றை அவர்மேல் ஏற்றிவிடுகின்றார். நேர்முகப் பரீட்சையில் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியரே. 'கற்பித்தலிற் கைதேர்ந்தவர்' என்றிருப்பின் இடர் இல்லை. களனி கங்கையில் ஓடம் வலிப்பவனை எந்தக் கலாசாலையும் பயிற்றியதில்லை. எனினும் அவன் கைதேர்ந்தவனே.

'பிராக்டிசிங்' என்பது இன்னொன்று. அது தொழில் நடத்துகின்ற என்று மட்டும் பொருள்படும். நேற்றுச் சத்தியப்பிரமாணஞ் செய்து இன்று நீதிமன்றம் ஏறிய சட்டத்தரணிக்கு இது பொருந்தும். முன்னையது பொருந்த ஆண்டுகள் செல்லும்.

'பழகிய' என்னும் சொல்லைக் கையாளுமிடத்தும் விழிப்பு வேண்டும். 'பழகிய கை' என்றால் தேர்ச்சி தோன்றும். 'பழகிய வைத்தியர்' என்றாலோ அறிமுகமான வைத்தியர் என்றே கேட்போர் கொள்வர். ஆதலால் உறுப்பையோ தொழிலையோ சேர்த்துக் 'கைபழகிய', 'வைத்தியத்திற் பழகிய' என்றல் நன்று.

இச்சொல் எப்போதும் புகழ்ச்சி எனவுங் கொள்ளற்க. பொய்யனுக்கு இதனை அடையாக்கும் வழக்கு ஆங்கிலத்தில் மிகுதி. தமிழும் 'கைதேர்ந்த திருடன்' என்னத் தயங்குவதில்லை. 'பழந்தின்று கொட்டை போட்டவன்' என்பதிலும் அந்த இரட்டைச் சுவை உண்டு. சிரிப்புக்கு இவ்வடை வரும்போதே மொழிபெயர்ப்பாளர் பெரிதும் இடர்ப்படுவர். 'பழகிய சிரிப்பு' என்றால் முன்பு கண்டறிந்த இனிய சிரிப்பென்று பொருள் தலைகீழாகிவிடும். அங்கே 'ஒத்திகை பார்த்துவைத்த சிரிப்பு' என்பதே தகும்.