கேம் சர்வரை வேறு டிஸ்க்குக்கு மாற்றும் முன்

வாடகைக்கு வரும் லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் டிஸ்க் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயங்குதளத்துக்கு என்று 20 ஜிபியோ 40 ஜிபியோ கொண்ட சின்ன ரூட் பார்ட்டிஷன். மீதி முழுக்க ஹோம் பார்ட்டிஷன். ஆனால் கேம் சர்வர்களை நிர்வகிக்கப் பலரும் நிறுவுகிற டெரோடாக்டைல் பேனல், சர்வர் கோப்புகளை ‘வார்’ ஃபோல்டருக்குள் வைக்கிறது. அது ரூட் பார்ட்டிஷனைச் சேர்ந்தது. டாக்கரும் தன் இமேஜ்களையும் லாக்குகளையும் அங்கேதான் அடுக்குகிறது. இதனால் பெரிய பார்ட்டிஷன் காலியாகக் கிடக்கும்போதே சின்னது நிரம்பி, சர்வர் திணறத் தொடங்கும்.

அப்போது பலர் செய்வது இது: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளைப் பெரிய பார்ட்டிஷனுக்கு இழுத்துப் போடுகிறார்கள், பழையதை அழிக்கிறார்கள், ஆட்டத்தை மறுபடி திறந்துவிடுகிறார்கள். டிஸ்க் நிரம்பியதால் வரும் சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அசல் கோப்பை அழித்தபின் தெரியவரும் சேதத்துக்குப் பேக்கப்பைத் தவிர வேறு மருந்து இல்லை. நண்பர்கள் கூடி ஆண்டுக்கணக்கில் கட்டிய உலகம் ஒரு தவறான ஆணையில் போய்விடக்கூடாது என்பதற்காகவே இந்த எச்சரிக்கை.

டிஸ்க் நிரம்பித் திணறுவது பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகள் நின்றன. இரண்டு நாள் முன்பு நடந்த வழக்கமான பராமரிப்பில், தரவுத்தளத்தில் சேர்ந்திருந்ததை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டது. மாற்று சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் விழுந்தது. அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே நிலைமை சீரானது. துப்புரவுப் பணிக்கே இடம் வேண்டும் என்பதும், ஒரே அமைப்பில் இருக்கும் மாற்று மாற்றே அல்ல என்பதும் அதில் தெரியவந்த உண்மைகள்.

இடம் தீரும்போது நடப்பது

உதாரணத்துக்கு மைன்கிராஃப்டை எடுத்துக்கொள்வோம். அதன் உலகம் தானாகச் சுருங்காது. ஆட்டக்காரர் புதிய நிலப்பரப்பில் கால்வைக்கும்போதெல்லாம் புதிய துண்டுகள் உருவாகி டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. 32-க்கு 32 என 1,024 துண்டுகள் சேர்ந்து ஒரு ரீஜன் கோப்பு. அது 512-க்கு 512 பிளாக் பரப்பு. பத்துப் பேர் பத்துத் திசையில் பறந்தால் கோப்புகள் மளமளவென்று பெருகும். அதே பார்ட்டிஷனில் பேக்கப் ப்ளக்இன் அடுக்கும் ஜிப் கோப்புகளும், வரம்பு வைக்கப்படாத டாக்கர் லாக்குகளும் சேர்ந்துகொள்ளும்.

இடம் முழுதாகத் தீர்ந்ததும் எல்லாக் கோப்பும் ஒரேபோல் பாதிக்கப்படுவதில்லை. உலகத்தின் அடிப்படை விவரங்கள் உள்ள ‘லெவல்.டாட்’ கோப்பை மைன்கிராஃப்ட் முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதி, பிறகுதான் பழையதோடு மாற்றுகிறது. முந்தைய பிரதி ‘ஓல்டு’ என்ற பெயரில் அருகிலேயே இருக்கும். ரீஜன் கோப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவை இருந்த இடத்திலேயே திருத்தப்படுகின்றன. எழுத்து பாதியில் நின்றால் அந்தத் துண்டு கெடலாம்.

இன்னும் கவனிக்க வேண்டியது ‘சர்வர்.ப்ராப்பர்டீஸ்’ கோப்பு. சர்வர் தொடங்கும்போது அதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுகிறது. எழுதத் திறந்த கணத்தில் கோப்பு வெறுமையாகிறது. அடுத்து எழுத இடம் இல்லையென்றால் பூஜ்யம் பைட்டில் நிற்கும். மறுமுறை தொடங்கும்போது எல்லா அமைப்பும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். உலகத்தின் பெயர் ‘வேர்ல்டு’ என்று மாறும், அனுமதிப் பட்டியல் அணையும். உங்கள் உலகத்துக்கு வேறு பெயர் இருந்தால், சர்வர் அதைக் கண்டுகொள்ளாமல் புத்தம்புது உலகம் ஒன்றை உருவாக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆகவே டிஸ்க் நிரம்பிய நிலையில் “ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்” என்ற பழக்கம் ஆபத்தானது.

சர்வரை நிறுத்துவதற்கும் இடம் தேவை. நிறுத்தும் ஆணை கிடைத்ததும் சர்வர் நினைவகத்தில் உள்ளதை எல்லாம் டிஸ்க்கில் எழுதப் பார்க்கும். இடம் பூஜ்யமாக இருந்தால் அந்தக் கடைசிச் சேமிப்பே தோற்கும். எனவே முதல் வேலை, ஆட்டத்தோடு தொடர்பில்லாத கோப்புகளை அகற்றிச் சில நூறு எம்பியாவது விடுவிப்பது. ஏபிடி பதிவிறக்கி வைத்த பழைய பொதிகள், சிஸ்டம்டி ஜர்னல், சுருக்கி வைக்கப்பட்ட பழைய லாக்குகள் ஆகியவற்றில் கைவைக்கலாம். ஜர்னல் மட்டுமே 4 ஜிபி வரை வளர அனுமதி உண்டு.

எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. 40 ஜிபி பார்ட்டிஷனில் அது 2 ஜிபி. நெருக்கடியில் நீங்கள் உள்ளே நுழைந்து வேலைபார்க்க உதவுவது அந்த ஒதுக்கீடுதான். கேம் சர்வரையே ரூட் பயனராக ஓட்டினால் அதையும் அது தின்றுவிடும். ரூட்டாக ஓட்டாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழித்தும் இடம் கூடவில்லையா? ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திறந்து வைத்திருக்கும் லாக்கை நீங்கள் அழித்தால், பெயர்தான் மறையும். அந்த நிரல் கோப்பை மூடும்வரை இடம் திரும்பாது. இன்னொரு காரணம், ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடுகள் தீர்ந்துபோவது. சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், ஜிபி மிச்சம் இருந்தும் புதிய கோப்பு உருவாக்க முடியாது. ‘டிஎஃப்’ ஆணையை ‘ஐ’ சுவிட்சோடு கொடுத்தால் அது தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் உலகக் கோப்புகளில் கைவைக்கக்கூடாது.

இடமாற்றத்தில் உள்ள குழிகள்

ஒரே பார்ட்டிஷனுக்குள் ‘எம்வி’ ஆணை பெயரை மட்டும் மாற்றுவதால் நொடியில் முடியும். வேறு பார்ட்டிஷனுக்கு என்றால் அதே ஆணை முழுவதையும் பிரதியெடுத்துவிட்டு அசலை அழிக்கிறது. எதையும் சரிபார்க்க உங்களுக்கு வாய்ப்புத் தராமலே அழிக்கிறது. உலகக் கோப்புகளுக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

‘சிபி’ ஆணையை ரூட்டாக, உரிமையாளரை அப்படியே வைக்கும் சுவிட்ச் இல்லாமல் கொடுத்தால் புதிய கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகும். டெரோடாக்டைல் தன் பெயரிலேயே உள்ள தனிப் பயனராகத்தான் சர்வர்களை ஓட்டுகிறது. அந்தப் பயனரால் படிக்க முடியும், எழுத முடியாது. உரிமையாளரைத் திருத்தாவிட்டால் ஆட்டம் தொடங்க மறுக்கலாம், அல்லது கட்டியது சேமிக்கப்படாமல் போகலாம்.

‘ஆர்சிங்க்’ நல்ல கருவி. ஆனால் அதில் ஒரு சாய்கோடு போதும், கதை மாறிவிடும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். ‘வேர்ல்டு’க்குள் இன்னொரு ‘வேர்ல்டு’ உருவானால் சர்வருக்கு ‘லெவல்.டாட்’ கிடைக்காது, புது உலகம் பிறக்கும்.

புதிய டிஸ்க்கைப் பழைய ஃபோல்டரின் மேல் மவுண்ட் செய்வது அடுத்த குழி. அரிசி கொட்டிக் கிடக்கும் தரையில் பாயை விரித்ததுபோல, பழைய கோப்புகள் அடியில் அப்படியே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, இடமும் விடுபடாது. ரூட் இன்னும் நிரம்பியே இருக்கிறதே என்று குழம்பி வேறு எதையோ அழிப்பவர்கள் உண்டு.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஏதோ ஒரு நாள் சர்வர் ரீபூட் ஆகும்போது புதிய டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வெறும் ஃபோல்டர்தான் இருக்கும். சர்வர் அதையே தன் வீடாக எண்ணித் தொடங்கிப் புது உலகம் ஒன்றை உருவாக்கும். உள்ளே வரும் ஆட்டக்காரர் காலிப் பையோடு, தெரியாத காட்டில் நிற்பார். உண்மையான உலகம் மவுண்ட் ஆகாத டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பதறிப்போய் எதையாவது மேலெழுதினால்தான் அது போகும்.

இதைத் தடுக்கச் சில ஏற்பாடுகள் உண்டு. ‘எஃப்எஸ்டாப்’ கோப்பில் டிஸ்க்கை ‘எஸ்டிபி1’ போன்ற பெயரால் குறிக்காமல் யூயூஐடியால் குறியுங்கள். அந்தப் பெயர்கள் ரீபூட்டில் மாறக்கூடும். அதே வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைப் போடாவிட்டால், டிஸ்க் கிடைக்காதபோது இயந்திரம் அவசர நிலையில் நின்றுவிடும், தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியாது. போட்டால், இயந்திரம் எழும், ஆனால் ஆட்டம் காலி ஃபோல்டரில் தொடங்கும். ஆகவே ‘நோஃபெயில்’ போடுவதோடு, சர்வரின் சிஸ்டம்டி கோப்பில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்’ வரியையும் சேர்க்க வேண்டும். மவுண்ட் இல்லையேல் சர்வர் தொடங்காது. கூடவே, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் இருக்கும் காலி ஃபோல்டருக்கு ‘சாட்டர்’ ஆணையால் மாற்றத்தடை போட்டுவிட்டால், ரூட்டாலும் அதில் கோப்பு உருவாக்க முடியாது.

சிம்லிங்க் போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைன்கிராஃப்ட் 1.20 முதல், உலக ஃபோல்டருக்குள் இருக்கும் சிம்லிங்க்குகளை அனுமதிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் ஆட்டம் ஏற்பதில்லை. பைண்ட் மவுண்ட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

விண்டோஸில் வரும் குழப்பம் வேறு. ‘ஆர்க்’ சர்வரின் சேமிப்பு, ஆட்டத்தை நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே ‘சேவ்டு’ என்ற உள்ஃபோல்டரில் இருக்கிறது. ஸ்டீமிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று மொத்த ஃபோல்டரையும் அழித்தால் உலகமும் சேர்ந்து போகும். ‘வால்ஹெய்ம்’ இதற்கு நேர்மாறு. ஆட்டத்தை டி டிரைவுக்கு மாற்றினாலும், உலகம் பயனரின் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரில், சி டிரைவிலேயே தங்கிவிடும். சி டிரைவை ஃபார்மட் செய்தால் அதுவும் அழியும். எந்த ஆட்டமானாலும் சேமிப்பு எங்கே எழுதப்படுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

பாதுகாப்பான வரிசை

ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறிது இடத்தை விடுவியுங்கள். முதல் சுற்றுப் பிரதியைச் சர்வர் ஓடும்போதே ‘ஆர்சிங்க்’ மூலம் எடுக்கலாம். பெரும்பகுதி அதில் போய்விடும். பிறகு சேமிக்கும் ஆணை கொடுத்து, சர்வரை முறையாக நிறுத்தி, நிரல் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். இரண்டாம் சுற்றை ஓட்டுங்கள். உரிமையாளர், அனுமதி, நேரம் ஆகியவை அப்படியே வரும்படி ‘ஏ’ சுவிட்ச் இருக்கட்டும். செக்சம் ஒப்பீடு ஒன்றையும் ஓட்டுங்கள். வேறுபாடு எதுவும் இல்லை என்று வந்த பிறகு அசல் ஃபோல்டருக்குப் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். புதிய இடத்திலிருந்து சர்வரைத் தொடங்கி, தெரிந்த கட்டடம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள், பெட்டியில் ஒரு பொருளை வையுங்கள், சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கி அது இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக இயந்திரத்தையே ரீபூட் செய்யுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் எல்லாம் சரியாக இருந்தால்தான் அசலை அழிக்கும் பேச்சு.

அழிக்கும்போது எந்த இயந்திரத்தில், எந்த ஃபோல்டரில் இருக்கிறீர்கள் என்று உரக்கப் படித்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரில் தரவு ஃபோல்டரை அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு திரும்பவே இல்லை. நம்பியிருந்த பேக்கப்புகளும் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இடமாற்றம் நல்லபடி முடிந்தாலும் அது பேக்கப் ஆகாது. ஒரே இயந்திரத்தின் இரண்டாவது டிஸ்க்கும் பேக்கப் ஆகாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, ‘ரஸ்ட்’ விளையாட்டின் 25 ஐரோப்பிய சர்வர்கள் முழுதாக அழிந்தன. அவற்றின் தரவை மீட்க முடியாது என்று அந்த விளையாட்டை உருவாக்கிய ஃபேஸ்பஞ்ச் அறிவித்தது.

உங்கள் சர்வரின் ரூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று இன்றைக்கே பாருங்கள். 80 சதவீதம் தாண்டியிருந்தால், அவசரம் வருவதற்கு முன்பே, நிதானமான ஒரு பகல்பொழுதில் இடமாற்றத்தைச் செய்யுங்கள். அதற்கு முன் உலக ஃபோல்டரின் ஒரு பிரதி வேறு ஊரில், வேறு இயந்திரத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் எந்தக் கோப்பையும் நகர்த்தாதீர்கள்.