கம்பி விழுங்கிய பசு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே காண்பதெல்லாம் பெரும்பாலும் கரிசல் நிலமும் வேலிக்கருவையும்தான். ஸ்ரீ ரமண மகரிஷி 1879-ல் அவதரித்த ஸ்தலம் என்று திருச்சுழிக்குத் தேசமெங்கும் பெயர் உண்டு. ஆனால் அவ்வூரைத் தொட்டுச் செல்லும் குண்டாற்றில் வருஷத்தின் பெரும் பகுதியும் மணலைத்தான் காணலாம். வானம் பார்த்த சீமை. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் பெருகினால் விளைச்சல், இல்லையேல் இல்லை. நிலம் கைவிட்ட வருஷத்திலும் கைவிடாமல் வீட்டுச் செலவுக்கு வழி செய்வது கொட்டிலில் நிற்கும் கறவைப் பசு.

அந்தப் பசு செத்துப் போனால்? அதற்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள் பட்டணத்து நண்பர்கள். இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. சர்க்காரும் கை கொடுக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தின் திட்டத்தில் பிரீமியத்தில் குடியானவன் பங்கு 15 சதவிகிதமே என்று 2024-ல் மத்திய மந்திரி சபை நிர்ணயித்தது. ஆனால் பிரீமியம் கட்டுவது வேறு, பணம் கைக்கு வந்து சேர்வது வேறு.

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். கால்நடை டாக்டர் வந்து பசுவைப் பார்த்து, "ஆரோக்கியமாயிருக்கிறது" என்று சர்டிபிகேட் எழுதி, காதில் எண் பொறித்த வில்லையை மாட்டிவிட்டுப் போகிறார். பாலிஸி வருகிறது. ஏழெட்டு மாதம் கழித்துப் பசு கன்று போடுகிறது. உடனே பால் வற்றுகிறது, தீனி இறங்கவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு முனகுகிறது, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்குகிறது. சில நாளில் சாய்ந்துவிடுகிறது. அறுத்துப் பார்த்த டாக்டர் இருதயத்தின் அருகே குத்தியிருந்த ஒரு துண்டுக் கம்பியை எடுத்துக் காட்டுகிறார்.

கம்பெனி ஆபீஸில் நடக்கும் சம்பாஷணை இப்படியிருக்கும்:

"அம்மா, பாலிஸி எடுக்கும் முன்பே மாட்டுக்கு வியாதி இருந்திருக்கிறது. கம்பி பழசு. பணம் கிடைக்காது."

"பழசு என்று உங்களுக்கு எப்படித் தெரியும், சார்? உங்கள் சர்டிபிகேட்டில் நல்ல மாடு என்றுதானே எழுதியிருக்கிறது?"

அந்த அம்மாள் கேட்ட கேள்வியில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பசு நாவால் புல்லைச் சுருட்டி, சரியாக மெல்லாமல் விழுங்குகிறது. பிறகுதான் அசை போடுகிறது. தீவனத்தோடு உள்ளே போன கம்பியோ ஆணியோ கனம் காரணமாகத் தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு மெல்லிய திரை. திரைக்கு அப்பால் இருதயம். கம்பி மாதக்கணக்கில் அங்கே சாதுவாகக் கிடக்கலாம். கர்ப்பம் முதிர்ந்து வயிறு நெருக்கும்போதோ, கன்று ஈனும் பிரயாசையிலோ, அது முன்னே தள்ளப்பட்டுத் திரையைத் துளைக்கிறது. (சில டாக்டர்கள் இதைத் தடுக்கப் பசுவின் தொண்டை வழியே ஒரு காந்தத் துண்டையே இறக்கிவிடுகிறார்கள்.) விழுங்கிய தேதி கம்பியின்மேல் எழுதியிருப்பதில்லை. பாலிஸிக்கு முன்பே விழுங்கியதென்று வைத்துக்கொண்டாலும், வயிற்றில் சும்மா கிடந்த கம்பி வியாதியாகுமா? குத்திய அன்றல்லவா வியாதி பிறந்தது?

எல்லா நோய்க்கும் இந்த வாதம் செல்லாது. மாட்டுக்கு வரும் க்ஷயம் வருஷக்கணக்கில் உள்ளே ஒளிந்திருக்கும். அங்கே கம்பெனியின் கட்சிக்கும் பலம் உண்டு. நோயை மறைத்துப் பாலிஸி வாங்குகிறவர்களும், செத்த மாட்டின் வில்லையைப் பற்றிக் கதை கட்டுகிறவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. "வில்லை இல்லையேல் பணம் இல்லை" என்று கம்பெனிகள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

ஆயினும், பாலிஸிக்கு முன் ஏற்பட்ட நோய் என்ற விலக்கு ஷரத்தைக் காட்டிப் பணம் மறுக்கும் கம்பெனியே அந்த ஷரத்து பொருந்துகிறதென்று ருஜுப்படுத்த வேண்டும் என்பது நமது நியாய ஸ்தலங்களில் வேரூன்றிய கொள்கை. மனிதருக்கான வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸ் வழக்கு ஒன்றில் 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இன்னொன்றையும் சொல்லிற்று: பாலிஸி எடுப்பவர் தம் தேக நிலையை மறைக்காமல் சொல்லி, கம்பெனி அதைப் பரிசீலித்துப் பாலிஸி கொடுத்த பின், அதே நோயைக் காரணம் காட்டிக் கையை விரிக்கலாகாது. அது பசு மாட்டு வழக்கு அல்லவெனினும், டாக்டரைக் கொண்டு பரிசோதித்த பசுவுக்கு அந்த நியாயம் ஏன் பொருந்தாது என்று கேட்க இடமிருக்கிறது.

ஆகவே அந்த அம்மாள் முதலில் செய்ய வேண்டியது, மறுப்பை எழுத்து மூலமாக, எந்த ஷரத்தின்படி என்று குறித்துக் கேட்டு வாங்குவது. வாய்ச் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. பத்திரங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பது ஒரு கொடுமை. 1973 ஜனவரி 1 முதல் பொது இன்ஷூரன்ஸைத் தேசத்தின் சொத்தாக்கினோம். ஷரத்தை மட்டும் தேசத்தின் பாஷையில் எழுதக் கூசுகிறோம்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக்கொண்டாவது படிக்கச் செய்து, ஆரோக்கிய சர்டிபிகேட், பிரேதப் பரிசோதனை அறிக்கை, காது வில்லையோடு எடுத்த போட்டோ, தடுப்பூசிச் சீட்டு, மாதாமாதம் பால் ஊற்றிய கணக்கு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பால் கணக்கைச் சிலர் அற்பமாக எண்ணுவார்கள். கன்று போடுமுன் கறவை வற்றும் காலம் வரையில் குறையாமல் பால் கறந்த பசு நோயாளிப் பசுவல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாக்ஷி ஏது?

பிறகு கம்பெனியின் குறை கேட்கும் அதிகாரிக்கு ஒரு கடிதம். அதற்கும் அசையாவிட்டால் ஜில்லா நுகர்வோர் ஆணையம். விருதுநகர் ஜில்லாவுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை, விருதுநகர் தாண்டிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். கணினி மூலமும் மனுவைத் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கோர்ட் கட்டணம் இல்லை. பசுவின் பிரீமியம் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. வக்கீல் கட்டாயமில்லை, தாமே நின்று வழக்காடலாம். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

அதற்குள் மழை பெய்து கண்மாயும் நிரம்பிவிடலாம். கொட்டிலில் புதுப் பசுவும் நிற்கலாம். அதன் காதில் வில்லை மாட்டும் தினத்தன்று, டாக்டர் எழுதும் சர்டிபிகேட்டில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.