பூந்தோட்ட நகரில் கரிமழை

காலையில் எழுந்து கதவைத் திறந்தால் முற்றமெங்கும் கரி. முதல்நாள் வெளுத்து உலர்த்திய துணி கறுத்திருக்கின்றது. வெறுங்காலுடன் வீட்டினுள் நடந்த குழந்தையின் பாதமோ அடுப்புச் சாம்பலை மிதித்தாற்போல் இருக்கின்றது. ஆபிரிக்காவிலே, நைசீரிய நாட்டிலே, 'பூந்தோட்ட நகரம்' எனப் பெயர்பெற்ற போட் ஹாக்கோட்டின் மக்கள் 2016ஆம் ஆண்டின் இறுதிதொட்டுக் கண்ட காட்சி இஃதாகும்.

இக்கரி எங்கிருந்து வந்தது? காரணங்கள் பல. அவற்றுள் தலையாயதொன்று, சூழவுள்ள கண்டற் காடுகளுள் மறைவாக நடைபெறும் எண்ணெய் காய்ச்சும் தொழிலாகும்.

பகுதிபடக் காய்ச்சி வடித்தலை நாம் ஆய்கூடத்திலே மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். மசகு எண்ணெயைச் சூடாக்கினால் பெற்றோல் முதலில் ஆவியாகும்; அடுத்து மண்ணெண்ணெய்; அதன் பின்னர் டீசல். நைகர்க் கழிமுகத்து இளைஞர் செய்வதும் இதுவே. குழாய்களைத் துளைத்துக் களவாக எடுத்த எண்ணெயை இரும்புக் கலத்திலிட்டுத் தீ மூட்டி, எழும் ஆவியை நீரினாற் குளிர்விக்கப்பட்ட குழாய்வழியே செலுத்தி வடிக்கின்றனர். அந்நாட்டுச் சாராயமாகிய ஒகொகொரோவைக் காய்ச்சும் முறையே இதற்கு முன்மாதிரி. 1967 முதல் 1970 வரை நிகழ்ந்த பயாபிராப் போரின்போது, எரிபொருளின்றித் தவித்தோரும் இவ்வாறு தாமே எண்ணெய் வடித்தனர்.

ஆய்கூடத்திற்கும் காட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? அங்கே கலத்தைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மசகு எண்ணெயே. எஞ்சும் தார் எரிக்கப்படுகின்றது. அன்றேல் ஆற்றோரத்திற் கொட்டப்படுகின்றது. போதிய ஒட்சிசன் கிடையாத எண்ணெய் முற்றாக எரியாது, கரித்துகளாய் வானேறுகின்றது. அவற்றுள் 2.5 மைக்கிரோமீற்றர் அளவினவும் அதனிற் சிறியனவுமே கொடியவை. தலைமயிரின் பருமனில் அவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. கண்ணுக்குத் தெரியும் கரியைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இத்துகள்களோ சுவாசப்பையின் ஆழத்தை அடைந்து குருதியிலுங் கலக்கின்றன. தொய்வையும் இருதய நோயையும் விளைவிக்கின்றன.

இளைஞரை மாத்திரம் குற்றஞ் சாட்டுதல் முறையாகுமா? 1956இல் ஒலொயிபிரி என்னும் ஊரிலே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. நிலத்தின் கீழ்ச் செல்வம். நிலத்தின் மேல் வறுமை! எண்ணெய்க் கசிவினால் மீன் மடிந்தது, வயல் பாழாயிற்று. நகரத்தருகே இருந்த அரசாங்கச் சுத்திகரிப்பு நிலையமும் பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. மீன் பிடித்தவன் மகன் எண்ணெய் காய்ச்சச் சென்றதில் வியப்பென்ன?

2022 ஏப்ரிலில் இமோ மாநிலத்திலே இத்தகைய இடமொன்று வெடித்தபோது 100க்கு மேற்பட்டோர் கருகி மாண்டனர். மறைவிடங்களைக் கண்டுபிடித்த படையினர் அவற்றுக்குத் தீயிட்டதும் உண்டு. அத்தீயும் அதே வானத்திற்கே கரியை அனுப்பிற்று!

சட்டம் ஒரு தீயை அணைக்கலாம். நேரிய தொழிலொன்று கிடைத்தாலன்றி, மறுநாள் வேறோரிடத்தில் அது மூளவே செய்யும். எண்ணெய் காய்ச்சுபவனுக்கும், அதை வாங்குபவனுக்கும், அவனைப் பிடிக்கச் செல்பவனுக்கும் வீட்டிலே பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகள் அனைவரும் சுவாசிப்பது ஒரே காற்றையன்றோ?